திரையில் 99.6

ஜூலை 3, வியாழன்

பிரஷர் 152/96. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி பார்த்தேன், 138/88. இரண்டாவதையே வைத்துக்கொள்கிறேன்.

தினமும் காலையில் அளந்து எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தீவனக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று வெறுமனே கிடந்தது. இரண்டு எண்ணை எழுத இவ்வளவு பெரிய டைரியா என்று பூங்கொடி சிரித்தாள். மனைவி சிரித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? பக்கத்தை நிரப்பியே காட்டுவது என்று இருக்கிறேன்.

இன்று மூன்றாம் செட்டரில் முட்டை ஏற்றினோம். பதினெட்டாயிரம். டாக்டருக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன்: நான் வேலை பார்ப்பது உடுமலைக்குத் தெற்கே ஒரு குஞ்சு பொரிப்பகத்தில். கோழி செய்கிற வேலையை இங்கே இயந்திரம் செய்கிறது. முட்டை பதினெட்டு நாள் செட்டர் என்கிற பெரிய பெட்டிக்குள் இருக்கும். பிறகு மூன்று நாள் ஹேச்சர் என்கிற இன்னொரு பெட்டியில். இருபத்தோராம் நாள் குஞ்சு. செட்டருக்குள் 99.6 டிகிரி இருக்க வேண்டும். ஒரு டிகிரி ஏறினால் கவலை, மூன்று டிகிரி ஏறி நின்றால் ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். ஆறு செட்டரின் சூட்டையும் என் மேசைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். அளவு மீறினால் அதுவே அலறும். அதனால்தான் எல்லாருக்கும் நான் சிஸ்டம் சார். சதாசிவம் என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

செட்டர் அறைக்குப் பொறுப்பு மயிலாத்தாள் அக்கா. பதினான்கு வருடமாக இருக்கிறார். மணிக்கு ஒரு தடவை ஆறு பெட்டியையும் சுற்றி வந்து நோட்டில் எழுதுவார். மூன்றாம் பெட்டியின் முன்பக்க டிஸ்பிளே போன வருடம் எரிந்துபோனது. கம்ப்யூட்டரில்தான் தெரிகிறதே, புதிது எதற்கு என்று மேனேஜரிடம் சொன்னவன் நான். அதற்கு மட்டும் அக்கா கண்ணாடி வழியாக, உள்ளே தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுகிறார். சாயங்காலம் நோட்டை நீட்டுவார். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன்.

ஜூலை 5, சனி

136/86. நோட்டில் கையெழுத்து. வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை.

ஜூலை 7, திங்கள்

140/90. இது காலையில் எடுத்தது. இப்போது எடுத்தால் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

கோவைத் தலைமை அலுவலகம் இன்று முதல் எல்லாக் கிளைகளும் விபிஎன் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. நம் கம்ப்யூட்டரிலிருந்து கோவைக்கு ஒரு மூடிய குழாய், வெளியாள் எட்டிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். நல்லதுதான். ஆனால் போட்ட அடுத்த நொடி என் திரையில் ஆறு செட்டரும் சாம்பல் நிறமாகிவிட்டன. பிரிண்டரும் காணாமல் போனது. விபிஎன்னை நிறுத்தினால் எல்லாம் வந்தது. போட்டால் போனது. ஐம்பது தடவை செய்து பார்த்தாலும் அதேதான். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவையோடு கொஞ்சுகிறது, அடுத்த அறையில் இருப்பவனைத் தெரியாது என்கிறது. என் மைத்துனன் குணம்.

வாசலில் குஞ்சு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. கேட் பாஸ் அச்சாகவில்லை. கடைசியில் பிரிண்டருக்கு நேராக ஒரு கேபிளை மாட்டி எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

விபிஎன் செட்டிங்கில் 'உள்ளூர் நெட்வொர்க்கை அனுமதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக் போட முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். கோவையில் பிரசன்னா என்கிற பையனிடம் பேசினேன். "பாலிசி சார், என் கையில இல்ல" என்றான். அரை மணிக்கு ஒரு தடவை விபிஎன்னை நிறுத்தி, சூட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி போட்டேன். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கோவைக்குத் தானாகவே ஒரு மெயில் போகிறதாம். மதியத்துக்குள் ஒன்பது மெயில். மேனேஜர் குழந்தைவேலு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க சிஸ்டம், என்னுங்க இது? ஒம்போது தடவை கனெக்ஷனை வெட்டி வெட்டி விட்டிருக்கீங்கன்னு அங்கிருந்து கேக்கறாங்க."

"வெட்டாட்டி சூடு தெரியாதுங்க சார்."

"அப்ப எந்திரிச்சுப் போய் மிஷின்ல பாருங்க. பத்தடி தூரம் நடக்க முடியாதுங்களா?"

எல்லார் முன்னாலும் கேட்டார்.

ஜூலை 9, புதன்

134/86, மூன்றாவது முயற்சியில்.

இன்று முழுக்க ஆராய்ச்சி. அடுத்த அறையில் செட்டர்களின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்கு நான் அனுப்புகிற தகவல் நேராகக் குழாய்க்குள் நுழைந்து கோவைக்குப் போய், அங்கே அப்படி ஒரு ஆள் இல்லாததால் தொலைந்துபோகிறது. நோய் தெரிந்துவிட்டது, மருந்து அவர்களிடம் இருக்கிறது.

அதுவரை மணிக்கு ஒரு தடவை மயிலாத்தாள் அக்காவோடு நானும் செட்டர் அறையைச் சுற்ற வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. இருபது வருடம் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தியவன், கண்ணாடிக்குள் பாதரசத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்குச் சிரிப்பு. "குனிஞ்சு பாருங்க சார், மேல இருந்து பாத்தா அரை டிகிரி ஏமாத்தும்" என்றார்.

ஜூலை 10, வியாழன்

128/84. முதல் முயற்சியிலேயே.

வெற்றி. பிரசன்னாவை விடாமல் பிடித்துக்கொண்டேன். மதியம் அவனே கூப்பிட்டான். "சார், உங்க கன்ட்ரோலர் நம்பர் 192.168.1.50 தானே? அந்த வரிசைக்கு நம்ம சைடுல ஒரு ரூட் போட்டு விடறேன். அரை மணி நேரம் கொடுங்க." மூன்று நாற்பதுக்கு விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆறு கட்டமும் பச்சையாயின. 99.6, 99.5, 99.6. படம் எடுத்து எல்லாக் கிளைகளும் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டேன். 'முதலில் தீர்த்தது உடுமலை யூனிட்' என்று கோவையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுதினார். மேனேஜர் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். செட்டர் அறையைச் சுற்றும் வேலையிலிருந்து எனக்கு விடுதலை.

பிரிண்டர் கேபிளிலேயே இருக்கட்டும். ஓடுகிறதைத் தொட வேண்டாம்.

ஜூலை 12, சனி

130/84. எல்லாம் பச்சை. பதினொன்று இருபதுக்கு மூன்றாவதில் மட்டும் ஒரு டிகிரி இறங்கி, ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது. நேற்றும் அதே நேரம். நோட்டில் கையெழுத்து.

ஜூலை 14, திங்கள்

134/88.

காலையில் மயிலாத்தாள் அக்கா வந்து மேசைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார்.

"மூணாவது சுடுதுங்க சார். நூறு புள்ளி எட்டு காட்டுது."

திரையைத் திருப்பிக் காட்டினேன். 99.6.

"கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கும்க்கா. தெர்மாமீட்டரும் பழசு."

"அஞ்சாவதுல இருக்கறதைக் கழட்டி இங்க மாட்டிப் பாத்தனுங்க. அதும் அதையேதான் சொல்லுது. பதினோரு நாள் ஆச்சுங்களே, குஞ்சே சூடு விட ஆரம்பிச்சிருக்கும். தண்ணி சரியா ஓடலியோ என்னமோ."

செட்டருக்குள் சூடு கூடினால் குழாயில் குளிர்ந்த நீர் ஓடித் தணிக்கும். அது ஓடாவிட்டால் திரையில் சூடு ஏற வேண்டும். ஏறவில்லை. மற்ற ஐந்து பெட்டிகளின் டிஸ்பிளேயும் என் திரையும் ஒத்துப்போகின்றன. முதலாவதில் 99.5, திரையில் 99.6. அந்த வித்தியாசம் எப்போதும் இருப்பதுதான். அதைத்தான் அக்காவிடம் சொன்னேன். அவர் செட்டர் அறைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் கையெழுத்து. பூங்கொடி தேங்காய் வாங்கி வரச் சொல்லியிருந்தாள், அவசரமாகக் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

136/88.

நூற்று ஒன்று என்கிறார் அக்கா. மணிக்கு ஒரு தடவை மூன்றாவதின் கதவைப் பத்து நிமிடம் திறந்து வைக்கிறாராம். கேட்காமல் கதவைத் திறப்பது விதிக்கு விரோதம். இரவு ஷிப்ட் ஆளையும் திறக்கச் சொல்லியிருக்கிறார். மேனேஜருக்குத் தெரிந்தால் வம்பு, வேண்டாம் என்று சொன்னேன். "வேண்டாம்னா மூடிடறனுங்க. முட்டை உங்க பொறுப்புங்களா?" என்று கேட்டார். திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு விஷயம் ஆச்சரியம். அவர் பத்து நிமிடம் கதவைத் திறந்து வைத்திருந்தபோது திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூடு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. இயந்திரம் அவ்வளவு திடம். ஆனால் பதினொன்று இருபதுக்கு வழக்கம்போல இறங்கியதாக வரைபடம் காட்டியது. அப்போது அக்கா என்னோடு வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது திறந்திருப்பார்கள்.

ஒரு நிமிடம் விபிஎன்னை நிறுத்திப் பார்க்கலாமா என்று தோன்றியது. கோவைக்கு மெயில் போகும். விட்டுவிட்டேன்.

ஜூலை 16, புதன்

138/88. இரண்டாவது முயற்சி.

அக்காவின் மனம் ஆறட்டும் என்று கம்ப்யூட்டரிலிருந்தே மூன்றாவதின் சூட்டை அரை டிகிரி குறைத்து வைத்தேன். பத்து நிமிடத்தில் திரையில் 99.1. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஸ்கிரீனுக்குக் குறைஞ்சிருச்சுங்க சார். முட்டைக்குக் குறையல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினான்கு வருடம் இருந்தால் இயந்திரத்துக்கு மேலே தெரிந்துவிடுமா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. சாயங்காலம் நோட்டை மேசையில் வைத்தார். கையெழுத்துப் போட்டேன். அரை டிகிரியைப் பழையபடி ஏற்றிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

அளக்கவில்லை.

என் கம்ப்யூட்டரிலிருந்து தினமும் போகிற சூட்டு வரைபடத்தைக் கோவையில் யாரோ பார்த்திருக்கிறார்கள். தினமும் பதினொன்று இருபதுக்கு மூன்றாம் செட்டரின் கதவு திறக்கப்படுகிறது, யார், ஏன் என்று மெயில். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். என்னையும்.

"ஏம்மா மயிலாத்தா, கதவைத் தொறக்கறயா?"

"தொறக்கறனுங்க. மணிக்கு ஒருக்கா. சூடு நூத்தி ஒண்ணுக்கு மேல போகுதுங்க."

"ஸ்கிரீன்ல தொண்ணூத்தி ஒம்போதரைதான் இருக்குது. தொறந்ததும் ஒரு தடவைதான் காட்டுது, பதினொன்னு இருவதுக்கு. நீ மணிக்கு ஒருக்காங்கறே. எதைச் சொன்னாலும் பொருந்த மாட்டேங்குதே."

"பதினொன்னு இருவதுக்கு நான் தொறக்கவே இல்லீங்க. அப்ப டீ குடிக்கற நேரம். சிஸ்டம் சாரும்தான் கூட இருந்தாரு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார்.

"நேரம் கவனிக்கலைங்க சார்" என்றேன்.

அது பொய்யில்லை. டீ குடிக்கும்போது யார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்? திரையில் இருக்கும் கணக்கும் என் பேச்சும் ஒன்றுக்கொன்று மாறினால் கோவையில் எதை நம்புவார்கள் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் குழுவில் பாராட்டினார்கள்.

சாயங்காலம் கையெழுத்துப் போடும்போது அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 18, வெள்ளி

மேனேஜர் சொல்லச் சொல்ல மெமோவை நான்தான் தட்டச்சு செய்தேன். 'மூன்றாம் செட்டரின் கதவைத் தினமும் 11.20 மணிக்கு அனுமதியின்றித் திறந்து...' மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம். பிரிண்டர் கேபிளை எலி கடித்திருந்தது. அதனால் பழையபடி நெட்வொர்க் வழியாகவே கொடுத்தேன். 'அச்சிடப்பட்டது' என்று வந்தது, காகிதம் வரவில்லை. மூன்று தடவை கொடுத்தேன். மூன்று தடவையும் அப்படியே. தபாலில் வரும் என்று வாயால் சொல்லி அனுப்பினார் மேனேஜர்.

அக்கா அழவில்லை. சண்டை போடவுமில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "மக நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருசம் இருக்குதுங்க சார்" என்றார். பிறகு நோட்டை வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

நோட்டை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

செட்டர் அறைக்கு ஹேச்சர் பக்கத்திலிருந்து ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். இரவு ஷிப்டுக்கும் சேர்த்து ஒரே கட்டளை: கதவைத் தொடக்கூடாது, திரையில் இருப்பதை எழுதினால் போதும்.

ஜூலை 19, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை பத்தரைக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. நாமக்கல் யூனிட்டிலிருந்து ஜெசிந்தா. எங்கள் கம்பெனியின் இன்னொரு பொரிப்பகம் அது. அங்கே என் வேலையைப் பார்ப்பவர். வாட்ஸப் குழுவில் பெயரைப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

"சார், மயிலாத்தாள்ங்கிறது யாரு?"

"எங்க ஆளுதான். ஏம்மா?"

"அவங்களுக்கு மெமோ ஒண்ணு எங்க பிரிண்டர்ல வந்திருக்கு. மூணு காப்பி. எங்க மேனேஜர் அதைப் படிச்சுட்டு என்கிட்ட கேக்கறாரு. மூணாம் செட்டர் கதவைப் பதினொண்ணு இருபதுக்குத் திறக்கறது நாங்கதான் சார். தினமும் அந்த நேரத்துக்கு ஒரு தட்டு முட்டையை எடுத்து எடை போடறோம். அதுக்கு உடுமலையில ஒருத்தங்களுக்கு எப்படி மெமோ?"

எனக்கு உடனே புரியவில்லை. அவர் தொடர்ந்தார்.

"இன்னொண்ணு சார். புதன்கிழமை எங்க மூணாவது தானாவே அரை டிகிரி குறைஞ்சுது. எங்க ஆப்பரேட்டரைப் பிடிச்சுத் திட்டிட்டு இருந்தோம். அது நீங்களா?"

அப்போது புரிந்தது. இரண்டு பொரிப்பகத்துக்கும் ஒரே ஆள்தான் எல்லாம் மாட்டிக் கொடுத்தார். ஒரே மாதிரி கன்ட்ரோலர், ஒரே மாதிரி பிரிண்டர், ஒரே எண்கள். எங்களுடையதும் 192.168.1.50, அவர்களுடையதும் 192.168.1.50. தனித்தனியாக இருந்தவரை ஒருவருக்கும் தொந்தரவில்லை. பிரசன்னா போட்ட வழி, அந்த எண்ணுக்குப் போகிறதையெல்லாம் கோவை வழியாக நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஒன்பது நாளாக நான் பார்த்தது நாமக்கல்லின் சூட்டை. அவர்களிடம் எட்டு செட்டர். என் திரையில் ஆறு கட்டம்தான் போட்டு வைத்திருந்தேன், அதனால் அதுவும் தெரியவில்லை.

போனை வைத்தேனா, அப்படியே விட்டேனா என்று நினைவில்லை. விபிஎன்னை நிறுத்தினேன். பச்சைக் கட்டங்கள் ஒரு நொடி மறைந்து திரும்பி வந்தன. ஐந்து பச்சை. மூன்றாவது சிவப்பு. 102.9. கம்ப்யூட்டர் அலறத் தொடங்கியது.

ஓடினேன். புது ஆள் மூன்றாவதின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்தேன், முகத்தில் அனல் அடித்தது. குனிந்துதான் பார்த்தேன், தெர்மாமீட்டரில் நூற்று மூன்று. அக்கா போனதிலிருந்து பதினெட்டு மணி நேரம் அந்தக் கதவு மூடியே இருந்திருக்கிறது.

மேனேஜர் ஓடி வந்தார். "என்னாச்சுங்க?" என்றார்.

"சென்சார் பிராப்ளம் போல இருக்குதுங்க சார்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

மெக்கானிக் வந்து தண்ணீர் வால்வைக் கழற்றினார். உப்புப் படிந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அவர் வேலை செய்யும்போது மேனேஜரிடம் கேட்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு மயிலாத்தாள் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"நூத்தி மூணுங்க அக்கா."

கையிலிருந்த துணியை வாளியில் போட்டார். "ஸ்கிரீன்ல என்னுங்க காட்டுது?"

"ஸ்கிரீன் நம்மளது இல்லீங்க. நாமக்கல்லோடது. ஒம்போது நாளா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டியத் திருப்புங்க. பேச்சு அப்பறம் வெச்சுக்கலாம். முட்டை என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார்.

மூன்று மணி நேரம், கதவைக் கொஞ்சம் திறப்பதும் மூடுவதும், தரையில் தண்ணீர் தெளிப்பதுமாக அவர் பாட்டுக்குச் செய்தார். ஒரே அடியாகக் குளிரவைக்கவும் கூடாதாம். நாலு மணிக்கு 99.8.

ஜூலை 20, ஞாயிறு

பிரஷர் எடுக்கவில்லை. கையைப் பிடித்து இறுக்கும் அந்தப் பட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். நாமக்கல் விஷயம் அவருக்கு வந்துவிட்டது. கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரூட் தப்பாப் போட்டது கோயமுத்தூர்க்காரன். அதை அவன் பாத்துக்குவான். நாம 'வால்வு அடைப்பு, சென்சார் கோளாறு'ன்னு எழுதிடுவோம். மயிலாத்தா கதவைத் தொறந்தது தொறந்ததுதானுங்க, அவளே ஒத்துக்கிட்டா. மெமோ இருக்கட்டும், ஒரு வாரம் கழிச்சு உள்ள எடுத்துக்கலாம். இல்லாட்டி முன்னாடியே சொன்னாளா, ஏன் கேக்கலன்னு கேப்பாங்க. எழுத்துல ஏதாவது சொல்லியிருக்காளா?"

"நோட்டு இருக்குதுங்க சார்."

"எங்க?"

"பாக்கணும்ங்க."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

ஜூலை 21, திங்கள்

பதினெட்டாம் நாள். முட்டைகளை ஹேச்சருக்கு மாற்றும் நாள். விளக்கு வைத்துப் பார்த்து, உள்ளே அசைவில்லாததை எடுத்துவிட வேண்டும். மயிலாத்தாள் அக்கா வேலையில் இல்லாதவர். ஆனாலும் வந்து நின்றார். யாரும் போகச் சொல்லவில்லை. செத்த முட்டை கூடை கூடையாக வெளியே வந்தது. மற்ற செட்டரில் ஒரு தள்ளுவண்டி முட்டைக்கு ஒரு கூடை கழிந்தால் அதிகம்.

மதியம் டிராயரைத் திறந்து நோட்டைப் படித்தேன். படித்தேன் என்றுதான் எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் அது முதல் தடவை.

ஜூலை 14, காலை எட்டு மணி, மூன்றாவது: 100.8. ஒன்பது மணி: 100.8. பத்து: 101. பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு 'ஸ்கிரீன்: 99.6'. கீழே, கோணல் எழுத்தில், 'சிஸ்டம் சாரிடம் சொன்னேன்'. அதற்குக் கீழே என் கையெழுத்து.

15ஆம் தேதி: 101, 101.2, கதவு பத்து நிமிடம், 100.2. 'சிஸ்டம் சாரிடம் சொன்னேன்.' என் கையெழுத்து. 16, 17 அப்படியே. 17ஆம் தேதி மட்டும் ஒரு வரி கூடுதலாக: '11.20 டீ. சார் கூட.' அதற்கும் கீழே என் கையெழுத்து, தேதியோடு, வளைத்துப் போட்ட கோட்டோடு.

வெட்கமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் நோட்டை ஐந்து பக்கம் படம் எடுத்தேன். கோவைக்கு அறிக்கை எழுதினேன். வழி தப்பாகப் போனது எப்படி என்று ஒரு பத்தி. அடுத்ததில், மயிலாத்தாள் நான்கு நாள் தொடர்ந்து என்னிடம் சொன்னார், பத்தடி நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான், 17ஆம் தேதி பதினொன்று இருபதுக்கு அவர் என்னோடுதான் இருந்தார், கவனிக்கவில்லை என்று நான் சொன்னது பொய், சென்சார் கோளாறு என்று சொன்னதும் பொய் என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. அனுப்பிவிட்டேன்.

மேனேஜர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எங்கள் எண்களை வேறு வரிசைக்கு மாற்றிக் கொடுத்தான் பிரசன்னா. இப்போது விபிஎன் ஓடும்போதும் எங்கள் செட்டர் எங்கள் திரையில் தெரிகிறது. பிரிண்டரும் வேலை செய்கிறது. இதை யாரும் குழுவில் போடவில்லை.

ஜூலை 24, வியாழன்

குஞ்சு வந்த நாள். ஹேச்சரைத் திறக்கும்போது நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். சத்தம் கேட்டது, அது முதலில் போதுமாக இருந்தது. எண்ணி முடித்தபோது பதினோராயிரத்துத் தொள்ளாயிரம். வழக்கமாகப் பதினைந்தாயிரத்துக்கு மேல் வரும்.

கோவையிலிருந்து வந்த கால்நடை டாக்டர் அக்காவின் நோட்டை நின்றபடியே முழுக்கப் படித்தார். "இந்தம்மா கதவைத் திறக்காம இருந்திருந்தா இன்னிக்கு ஹேச்சரைத் திறக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது" என்றார். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு குஞ்சுத் தட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார், கேட்டாரா என்று தெரியாது.

ஜூலை 25, வெள்ளி

மயிலாத்தாள் அக்காவின் மெமோ ரத்து. எனக்கு ஒன்று வந்திருக்கிறது. மூன்று மாதம் சம்பள உயர்வு நிறுத்தம், எழுத்தில் விளக்கம் தர வேண்டும். என் மெமோவை நானே அச்செடுத்தேன். ஒரே தடவையில் வந்தது.

இன்று நாள் முழுக்க மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. மூன்றாவதில் மறுபடி முட்டை ஏற்றியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன், 99.6. திரையிலும் 99.6. இரண்டும் ஒன்றாக இருந்தும் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஐந்தரை மணிக்கு மேசையில் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வரவில்லை. ஆறு மணிக்கு நானே செட்டர் அறைக்குப் போனேன். நோட்டு ஜன்னல் திட்டில் மூடியிருந்தது.

"கையெழுத்துப் போடட்டுங்களா அக்கா?"

"வேண்டாங்க சார்." கோபமாகச் சொல்லவில்லை. நைட் ஷிப்ட் ஆளுக்குச் சாவியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார். "இனி அடுத்த ஷிப்டுக்கு வர்றவங்க படிச்சுப் பாத்துட்டுப் போடட்டும்ங்க. நான் மேனேஜர் சார்கிட்டச் சொல்லிட்டேன்."

நைட் ஷிப்ட் ஆள் நோட்டைத் திறந்து, விரலை வரிவரியாக நகர்த்திப் படித்து, மூன்றாவதின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, என் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதினான்.

பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிரஷர் 158/98. ஒரு தடவைதான் எடுத்தேன்.